சிவப்பு பீன்ஸும் சோறும் மெலிந்த கதை

மொன்றியலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புரோசார்டில் முகவரி கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வட்டாரத்துத் தெருக்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும். 'எம்' வட்டாரத்துக்குள் நின்றுகொண்டு 'எஸ்' தெருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1958இல் தனி நகராட்சியானபோது பெரும்பாலும் வயலாகக் கிடந்த இடம் இது. முதல் மேயர் ஜார்ஜ்-ஆன்ரி புரோசார்டின் குடும்பப் பெயரே ஊருக்கும் பெயரானது. இப்போது 90,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 2023 ஜூலை கடைசியிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றைத் தாண்டி மொன்றியல் நடுநகருக்கு ஓட்டுநர் இல்லாத ரயிலும் ஓடுகிறது. ஆனால் தெருக்களில் உள்ள ஒழுங்கை இங்கே அடுப்படிகளில் எதிர்பார்க்க முடியாது. ஒரு வீட்டில் அன்னாசிப்பூ போட்ட சூப் கொதிக்கும், பக்கத்து வீட்டில் கடுகு வெடிக்கும், அதற்கடுத்த வீட்டில் தைம் இலையும் கிராம்பும் சேர்ந்து சிவப்பு பீன்ஸ் வேகும்.

அந்தக் கடைசி வீட்டுப் பானைக்குத்தான் எத்தனை ஊர், எத்தனை பெயர்! நியூ ஓர்லியன்ஸில் 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்', ஹெய்ட்டியில் 'டிரி கோலே', கியூபாவில் 'கோங்ரி', கோஸ்டாரிக்காவில் 'காயோ பிந்தோ'. ஜமைக்காவில் தேங்காய்ப்பால் விட்டு 'ரைஸ் அண்ட் பீஸ்' என்பார்கள். பஞ்சாபியின் ராஜ்மா-சாவலும் தூரத்து உறவுதான். இவற்றில் நியூ ஓர்லியன்ஸ்காரர்தான் கனமானவர். பன்றி எலும்பு, புகையூட்டிய சாசேஜ், கொழுப்பு, உப்பு எல்லாம் அவரிடம் உண்டு. இதை இலேசாகச் சமைப்பது எப்படி என்று கேட்டால், சாசேஜை எடுத்துவிடு, எண்ணெயைக் குறை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது அரைப் பதில். இந்தச் சாப்பாடு பிறந்தபோது இலேசாகத்தான் இருந்தது, கனம் பிறகு ஏறியது. அதில் பாதி ஏறியது சோற்றின் வழியாக.

பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோவில் ஒரு முறையும் ஆண்டிஸ் மலைப் பக்கத்தில் தனியாக இன்னொரு முறையும் காட்டுக்கொடியை மனிதர் வீட்டுப் பயிராக்கினார்கள். பெரிய விதையுள்ள சிவப்பு ராஜ்மா ஆண்டிஸ் வழி வந்தது. கொலம்பஸுக்குப் பிறகுதான் அது கடல் தாண்டியது. இன்று வட இந்தியச் சமையலில் ஊறிப்போய்க் கிடக்கும் ராஜ்மாவும் ஐரோப்பியக் கப்பல்கள் நடமாடத் தொடங்கியபின் வந்ததுதான்.

சோறு வந்த வழி வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆசிய நெல்லிலிருந்து வேறான தனி நெல் ஒன்று பல நூற்றாண்டுகளாக விளைந்து வந்தது. சதுப்பில் வரப்புக் கட்டி நீர் நிறுத்துவது, நாற்றைக் காப்பது, உரலில் குற்றி உமி நீக்குவது எல்லாம் அங்குள்ளவர்களுக்குக் கைவந்த கலை. 1719இல் லூசியானாவுக்கு முதல் அடிமைக் கப்பல்கள் இரண்டு வந்தன. புறப்படும்போதே அவற்றின் மாலுமிகளுக்கு உத்தரவு இருந்தது. விதைக்குச் சில பீப்பாய் நெல் வாங்கிக்கொள், நெல் பயிரிடத் தெரிந்தவர்களாகப் பார்த்து ஆளை ஏற்று. கையைக் கட்டிக் கொண்டுபோனார்கள், கைத்திறனையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். அமெரிக்கத் தெற்கின் நெல் வயல்களுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அந்த ஆப்பிரிக்கர்களுக்குச் சோற்றோடு பயறு சேர்ப்பது புதிதல்ல. அவர்கள் ஊரில் அது காராமணி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கௌபி என்போம். கௌபியின் பிறப்பிடமும் ஆப்பிரிக்காவே. நம் பக்கம் அது வந்து சேர்ந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கரிபியன் தோட்டங்களில் காராமணி வழக்கம் தெரிந்த கைகளுக்கு அமெரிக்க பீன்ஸ் கிடைத்தது. பானைக்குள் பயறு மாறியது, பழக்கம் மாறவில்லை. ஆகவே கௌபி அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிடும் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இந்தச் சாப்பாடு முழு அந்நியம் அல்ல.

அடுத்த திருப்பம் ஹெய்ட்டியில். அப்போது அதற்குச் சான் டொமிங்கு என்று பெயர். உலகத்துக்குச் சர்க்கரை வடித்துக்கொடுத்த பிரெஞ்சுக் குடியேற்றம். 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தார்கள். 1804 ஜனவரி 1இல் விடுதலை பெற்ற ஹெய்ட்டி பிறந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் தப்பியோடியவர்களில் பலர் பக்கத்துக் கியூபாவின் கிழக்குக் கரையில் தங்கினார்கள். ஐரோப்பாவில் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகுந்தான். ஸ்பெயினின் பிடியில் இருந்த கியூபா, 1809இல் பிரெஞ்சுக்காரர்களை வெளியே போ என்றது. சில மாதங்களில் 9,000 பேருக்கு மேல் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளையர், ஒரு பங்கு விடுதலை பெற்ற கறுப்பு, கலப்பு மக்கள், ஒரு பங்கு அடிமைகள். ஊரின் சனத்தொகை கிட்டத்தட்ட இரட்டித்தது. சிவப்பு பீன்ஸும் சோறும் அந்த நகரத்தில் வேரூன்றியதற்கு இந்த வருகையே பெரிய காரணம் என்பது உணவு வரலாறு எழுதுகிற பலரின் கணிப்பு. அகதி கொண்டுவருகிற பண்டம் ஊரின் பண்டமாகிவிடும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நியூ ஓர்லியன்ஸில் அதற்கொரு கிழமையும் கிடைத்தது. திங்கள் துணி துவைக்கும் நாள். துவைப்பதும் பிழிவதும் காயப்போடுவதுமாக நாள் முழுதும் பெண்களின் முதுகு ஒடியும். பக்கத்தில் நின்று கிளறத் தேவையில்லாத சமையல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றி எலும்பு இருந்தது. ஊறிய பீன்ஸோடு அதைப் போட்டு அடுப்பைத் தணித்து விட்டால் மாலைக்குள் தானாகக் குழைந்துவிடும். எலும்பில் இருந்த இறைச்சி கொஞ்சம். வயிற்றை நிரப்பியது பீன்ஸ், எலும்பு வாசத்துக்கு மட்டுமே. இன்றும் அந்த நகரத்துச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் திங்கட்கிழமை என்றால் இதுதான். துணியை இயந்திரம் துவைக்கிறது, பழக்கம் நிற்கிறது.

அந்த ஊரில் 1901இல் பிறந்த எக்காளக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், கடிதம் எழுதி முடித்ததும் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதுகிற இடத்தில், சிவப்பு பீன்ஸும் சோறுமாக உங்களுடையவன் என்று வேடிக்கையாகக் கையெழுத்திடுவார். அவர் எக்காளத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இதையும் எழுதுவார்கள். குறைவாகச் சொல்லப்படுவது இன்னொன்று. 1950களில் அவர் உடம்பைக் குறைக்க இறங்கினார். தன் வழியில் எடை குறைப்பது எப்படி என்று ஒரு தாளை அச்சடித்து நண்பர்களுக்கும் ரசிகர்களுக்கும் கொடுத்துவந்தார். அந்த வழியின் ஆணிவேர் மூலிகைப் பேதி மருந்து! எலும்பையும் கொழுப்பையும் பானையிலேயே குறைத்திருந்தால் கழிப்பறைக்கு ஓடும் சிரமம் மிச்சமாகியிருக்கும்.

கனம் ஏறிய இடமும் இதே நகரம்தான். விருந்தில் மிஞ்சிய எலும்பின் இடத்தில் கடையில் வாங்கிய சாசேஜ் துண்டு துண்டாக வந்து உட்கார்ந்தது. இறைச்சி மலிந்தபின் வாசத்துக்கு இருந்தது வயிற்றுக்கு வந்தது. 1972இல் நகரத்தின் ஓரத்தில் தொடங்கிய பாப்பாய்ஸ் கோழிக்கடை வளர்ந்து, பொரித்த கோழிக்குப் பக்கத்தில் சின்னக் கோப்பையில் இதையும் வைத்து விற்கிறது. புகையூட்டிய பன்றிச் சாசேஜ் 100 கிராமில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கும். வேகவைத்த பீன்ஸில் அதே எடைக்கு 127. எதைக் கூட்டினோம், எதைக் குறைத்தோம் என்பது இதிலேயே தெரியும்.

மொன்றியலுக்கு இந்தப் பானை நியூ ஓர்லியன்ஸ் வழியாக வரவில்லை. ஹெய்ட்டியிலிருந்து நேராக வந்தது. 1957இல் பிரான்சுவா துவாலியே ஆட்சியைப் பிடித்தபின் மருத்துவர்களும் ஆசிரியர்களும் தாதிகளும் நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள். அதே காலத்தில் கியூபெக் தன் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் திருச்சபையிடமிருந்து அரசின் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு பேசும் படித்த ஆட்கள் தேவை. 1960களில் வந்தவர்கள் அவர்கள். 1970களில் தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. சான்-மிஷேல், மொன்றியல்-நோர் பக்கங்களில் ஹெய்ட்டியச் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. இலங்கையில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழர் நாங்கள் வந்தோம். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காக்கும் படகுகளில் மிதந்து மீன்பிடிகாரரால் காப்பாற்றப்பட்ட 155 தமிழரில் ஒரு பகுதியினரும் மொன்றியலுக்கே வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சு தெரியாமல் வந்த எங்களுக்கும் பிரெஞ்சோடு வந்த அவர்களுக்கும் பொதுவாக இருந்தவை அதே குளிர், அதே பேருந்து, அதே தொழிற்சாலை இரவு முறை. மளிகைக் கடையில் மரவள்ளிக் கிழங்கையும் தேங்காயையும் வாழைக்காயையும் இரண்டு கூட்டமும் ஒரே தட்டில் பொறுக்கியது.

கியூபெக்காருக்கும் பீன்ஸ் பழசுதான், சொல்லாமல் விடக்கூடாது. பனிக்காட்டில் மரம் வெட்டப் போனவர்களின் காலைச் சாப்பாடு பன்றிக் கொழுப்பும் பீன்ஸும். இன்றும் வசந்தத்தில் மேப்பிள் பாகு காய்ச்சும் குடில்களுக்குப் போனால் அது மேசைக்கு வரும். அது சோற்றோடு சேர்வதில்லை. ஆகவே நம் கதையில் அதற்கு இடம் இவ்வளவே.

இலேசாக்குவது என்ற பேச்சுக்கு அறிவியல் கால் கொடுத்தவர்கள் கனடாவிலேயே இருக்கிறார்கள். 1981இல் டொராண்டோ பல்கலைக்கழகத்து டேவிட் ஜென்கின்ஸும் கூட்டாளிகளும் 62 உணவுகளை ஆளுக்குக் கொடுத்து, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்தார்கள். கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று இன்று நீரிழிவு மருத்துவர் சொல்கிற அளவு அங்கே பிறந்தது. குளுக்கோஸை 100 என்று வைத்தால் வெள்ளைச் சோறு 70ஐத் தாண்டியது. சிவப்பு பீன்ஸ் 30க்கு அருகில் நின்றது. சோற்றில் வளர்ந்து, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து, நடுவயதுக்குள் நீரிழிவு மாத்திரையைக் கையில் எடுக்கும் தெற்காசியக் குடும்பங்களுக்கு இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கலோரிக் கணக்கு மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாறுவார். வெந்த சோறு 100 கிராம் ஏறக்குறைய 130 கலோரி. வெந்த பீன்ஸும் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் உள்ளே. சோற்றில் புரதம் மூன்று கிராமுக்குக் கீழே, நார்ச்சத்து அரைக் கிராம் கூட இல்லை. பீன்ஸில் புரதம் எட்டுக் கிராமுக்கு மேல், நார்ச்சத்து ஆறு ஏழு கிராம். அதோடு, சோற்றுப் புரதத்தில் லைசின் குறைவு, பீன்ஸில் அது தாராளம். பீன்ஸில் மெத்தியோனின் குறைவு, சோறு அதை நிரப்பும். ஏழைகள் அறியாமல் இந்த இரண்டையும் சேர்க்கவில்லை. உடம்பு எதைத் தாங்குகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துச் சேர்த்தார்கள்.

இதில் கோஸ்டாரிக்கா ஆய்வு ஒன்று எனக்கு முக்கியம். காயோ பிந்தோ சாப்பிடுகிற நாடு அது. ஏறக்குறைய 1,900 பேரின் சாப்பாட்டைப் பார்த்த ஆய்வாளர்கள், தட்டில் சோற்றுக்குப் பீன்ஸ் என்ன விகிதம் என்று கணக்கிட்டு 2011இல் வெளியிட்டார்கள். பீன்ஸ் விகிதம் கூடியவர்களுக்கு இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் நிலை நல்லதாக இருந்தது. ஒரு பங்கு சோற்றை எடுத்து ஒரு பங்கு பீன்ஸ் வைப்பவருக்கு வளர்சிதை மாற்றக் கோளாறு வரும் அபாயம் 35 சதவீதம் குறைவு. இது அவதானித்த ஆய்வு, நிரூபித்த ஆய்வு அல்ல. ஆனாலும் சாசேஜைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது விகிதம் என்ற சொல்லை. 2019இல் வந்த கனடா உணவு வழிகாட்டியும் தாவரப் புரதத்துக்கு முன்னுரிமை கொடுத்து, தானியத்துக்குத் தட்டில் கால் பங்கு மட்டும் ஒதுக்கியது.

இனி அடுப்படி. எங்கள் வீட்டில் செய்வது இப்படி.

ஒரு கப் காய்ந்த சிவப்பு பீன்ஸ், இரவு முழுக்க நிறையத் தண்ணீரில் ஊற வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போடலாம். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பது பழைய நம்பிக்கை, உண்மையில் தோல் இளகும். வேகவிடாமல் பிடிப்பது புளிப்பு. தக்காளி, தேசிக்காய், பழப்புளி எதுவானாலும் பீன்ஸ் மெத்தென்று ஆனபிறகுதான். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வாயு உண்டாக்கும் சர்க்கரைப் பொருட்களில் ஒரு பங்கு அதோடு போய்விடும். புதுத் தண்ணீர் விட்டுப் பிரஷர் குக்கரில் வைத்தால் அரைமணிக்குள் வேலை முடியும். ஓட்டாவாவில் பிறந்த இன்ஸ்டன்ட் பாட் இருந்தால் அதுவும் சரி. தகரப் பீன்ஸ் வாங்குகிறவர்கள் சல்லடையில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், சோடியம் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும்.

பன்றி எலும்பு கொடுத்ததை வேறு வழியில் கொடுக்க வேண்டும். அது கொடுத்தது உப்பு, புகை, குழைவு என்ற மூன்று. உப்புக்குக் கவலை இல்லை. புகைக்கு யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள். செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் பெருஞ்சீரகமும் கருகும் விளிம்பு வரை வறுபட்டுத்தான் அந்தத் தூள் ஆகிறது, ஆகவே சாசேஜின் வாசத்துக்கு நெருங்கி நிற்கும். ஒரு தேக்கரண்டி போதும். குழைவுக்கு எண்ணெய் வேண்டாம். வெந்த பீன்ஸில் ஒரு அகப்பை எடுத்துப் பானையின் சுவரோடு வைத்து அகப்பையின் முதுகால் நசுக்கி மறுபடி கலக்கினால் சாறு தடித்துப் பாலாடை போல் ஆகும். நியூ ஓர்லியன்ஸ் பாட்டிமார் செய்வதும் இதையேதான்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பெரிய வெங்காயம், செலரித் தண்டு, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் பொடியாக வெட்டி, வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சாப்பாடு ஆஸ்பத்திரிச் சாப்பாடாகிவிடும். ஆறு பல் பூண்டு, ஒரு கொத்துத் தைம், பிரிஞ்சி இலை, இரண்டு கிராம்பு. கிராம்பு ஹெய்ட்டிக் கணக்கு. பிறகு மிளகாய்த்தூள், அதன் பின் பீன்ஸும் அதன் சாறும். இருபது நிமிடம் சிறு தீயில் தளதளத்ததும் நசுக்கல், உப்பு, கடைசியில் அரைத் தேசிக்காய்.

தேங்காய்ப்பாலில் கைவைக்க நம்மவருக்கு ஆசை வரும். பன்றிக் கொழுப்பை எடுத்துவிட்டு ஒரு தகரம் கட்டிப் பாலை ஊற்றி, மரக்கறிச் சாப்பாடு என்பதால் இலேசு என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கனம் வேறு வாசலால் உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான். வேண்டுமானால் மூன்றாம் பால் கால் கப் விடுங்கள். ஜமைக்கா ஞாபகம் வரும், பாதகம் வராது.

சோறு தனியாக. ஹெய்ட்டிக்காரர் பீன்ஸ் வேகவைத்த தண்ணீரிலேயே அரிசியைப் போட்டுச் செம்மண் நிறத்தில் ஒரே பானையில் சமைப்பார்கள். ருசி அதில்தான் கூட. ஆனால் ஒன்றாகச் சமைத்துவிட்டால் விகிதம் பானையோடு தீர்மானமாகிவிடும், தட்டில் மாற்ற முடியாது. தனியாக வடித்தால் ஆளுக்கு ஏற்றபடி போடலாம். அரிசி புழுங்கலாக இருக்கட்டும். பச்சையரிசிச் சோற்றைவிடப் புழுங்கல் சோற்றில் பொதுவாகச் சர்க்கரை மெதுவாகவே ஏறும். ஆளுக்கு அரைக் கப் சோறு, மேலே ஒரு கப் பீன்ஸ், வெட்டிய வெங்காயத்தாள்.

இதை முதலில் மேசையில் வைத்தபோது வீட்டுப் பெரியவர் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மோனை, சோத்தைக் காணேல்லை?"

"கீழ இருக்கு அம்மா, பீன்ஸுக்கு அடியில."

"அப்ப சோத்தைப் போட்டிட்டுக் கறியை விடுறதெண்டு சொல்லித் தந்ததெல்லாம் பிழையோ?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மலைபோல் சோறு, பக்கத்தில் கறி என்பதுதான் நம் தட்டின் இலக்கணம். வயலில் காலை முதல் மாலை வரை நின்றவருக்கு அந்த இலக்கணம் பொருந்தியது. புரோசார்டில் சூடேற்றிய வீட்டிலிருந்து சூடேற்றிய காருக்கும், காரிலிருந்து கணினி மேசைக்கும் நகர்கிறவருக்கு அது பொருந்தவில்லை. திங்கள்தோறும் துணி துவைத்த நியூ ஓர்லியன்ஸ் பெண்ணுக்கும் பெரிய பங்கு சோறு தாங்கியிருக்கும். நாம் அவள் பானையை எடுத்துக்கொள்ளலாம், அவள் பசியை எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே என் தீர்ப்பு: சாசேஜை எடுத்துவிட்டுச் சோற்றை அப்படியே வைப்பதைவிட, சோற்றைப் பாதியாக்கிவிட்டு இரண்டு துண்டு சாசேஜை விட்டுவைப்பது பரவாயில்லை. இரண்டையும் செய்தால் நல்லது.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை, இவை விளையாட்டல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பீன்ஸின் பொட்டாசியம் ஒத்துவராமல் போகலாம், மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மற்றது, சரியாக வேகாத சிவப்பு பீன்ஸில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு. நாலைந்து பச்சை விதையே வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் போதும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூடு அதை அழிப்பதில்லை, சில நேரம் கூட்டிவிடும். பிரஷர் குக்கரில் இந்தப் பயமில்லை. ஸ்லோ குக்கர்தான் வேண்டும் என்பவர்கள், ஊறிய பீன்ஸைப் புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்துக் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம், நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே அதில் மாற்றுங்கள்.